முழங்காலுக்கும் ஜாதி உண்டா?

(காரைக்காலில் நடந்த பகுத்தறிவுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் முழங்கால். சுயமரியாதைக்காரன் மேடை ஏறினால் கடவுளைப் பற்றிப் பேசுவான், ஜாதியைப் பற்றிப் பேசுவான், புராணப் புளுகுகளைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாய் இருக்கலாம். ஏமாற வேண்டியதில்லை. முழங்காலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மேற்சொன்ன மூன்றும் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும். நமது நாட்டில் மனிதனின் எந்த உறுப்பைத் தொட்டாலும் அதற்கென்று ஒரு சாமியும், ஒரு சாஸ்திரமும், அவற்றை வைத்துப் பிழைக்கிற ஒரு கூட்டமும் இருக்கக் காண்கிறோம்.

நான் டாக்டர் அல்ல. பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனுமல்ல. புத்தகங்களில் படித்ததையும், தெரிந்தவர்களைக் கேட்டதையும் கொண்டு என் புத்திக்கு எட்டிய வரையில் சொல்லுகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒன்றையும் நம்ப வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

காலைப் பற்றிப் பேசக் காரைக்காலைவிடப் பொருத்தமான ஊர் வேறொன்று கிடையாது. ஊர்ப் பெயரிலேயே கால் இருக்கிறது. (சிரிப்பு.) அந்தக் கால் வாய்க்கால், இந்தக் கால் நடக்கிற கால் என்று பண்டிதர்கள் என்னோடு சண்டைக்கு வரவேண்டாம். இந்த ஊரில் பிறந்த அம்மையார், கைலாச மலையைக் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையால் நடந்து போனதாகப் புராணம் எழுதி வைத்திருக்கிறார்கள். அவரைக் கொண்டாடி ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் மாடியிலிருந்து மாம்பழம் இறைக்கிறார்கள். தலையால் நடக்க முடிந்தவருக்கு மூட்டு வலியைப் பற்றிக் கவலையில்லை. அந்த மாம்பழத்தைப் பிடிக்க ஓட முடியாமல் திண்ணையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம் கிழவிகளுக்குத்தான் கவலை இருக்கிறது.

மேற்கே ஐந்து கிலோமீட்டர் போனால் திருநள்ளாறு. முழங்கால் வலிக்கிறது என்றால் ஜோசியன் ஜாதகத்தைப் பார்த்துச் சனி பிடித்திருக்கிறான் என்கிறான். உடனே நள தீர்த்தத்தில் முழுக்கும், எள் விளக்கும், தட்சணையுமாக நூற்றுக்கணக்கில் செலவாகிறது. அந்தச் சனியின் சமாசாரம் என்ன? அவருக்கே ஒரு கால் ஊனம் என்கிறார்கள். ராவணன் அவர் காலை வெட்டிவிட்டான் என்று கதை சொல்லுகிறார்கள். தன்னுடைய காலை நேராக்கிக்கொள்ள வகை தெரியாதவரிடம் போய் உங்கள் காலை நேராக்கித் தரும்படி கேட்பது எப்படியிருக்கிறதென்றால், சொட்டைத் தலையனிடம் போய்க் கூந்தல் தைலம் வாங்குவதுபோல் இருக்கிறது.

ஒரு மதத்தை மாத்திரம் சொல்லுகிறேன் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். வைத்தீசுவரன் கோயிலுக்குப் போனாலும், வேளாங்கண்ணிக்குப் போனாலும் கடைகளில் தகட்டால் செய்த கை, கால், கண் எல்லாம் விற்கிறார்கள். கால் வலித்தால் கால் தகடு வாங்கி உண்டியலில் போட வேண்டும். அந்தக் கால் தகட்டை எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? எல்லாம் ஒரே அச்சு. ஆறடி ஆளுக்கும் அதே கால், நாலரை அடிக் கிழவிக்கும் அதே கால். ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் கிடையாது. கடவுளுக்கு அளவு தேவைப்படவில்லை. ஏன்? வேலை செய்கிற கால் அல்ல அது. உண்மையாகவே ஒருவருடைய உடம்புக்குள் வைத்து, அவர் எழுந்து நடந்து, நாற்று முடி தூக்கி, பஸ் ஏறி, இருபது வருஷம் உழைக்க வேண்டிய காலாயிருந்தால் அங்கே அளவு வந்து நிற்கும். செருப்புத் தைக்கிற தோழனும் அளவெடுக்கிறான். சட்டை தைக்கிற தோழனும் அளவெடுக்கிறான். அளவெடுக்காமல் வேலை முடிக்கிறவர்கள் ஜோசியனும் புரோகிதனும்தான்.

நிற்க. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முழங்கால் என்பது தொடையெலும்பின் கீழ்நுனியும், கணைக்கால் எலும்பின் மேல்நுனியும், முன்னால் ஒரு சில்லும் சேர்ந்த இடம். எலும்பும் எலும்பும் உரசாமலிருக்க நுனிகளின் மேல் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. வயதாலும், உடல் பருமனாலும், பழைய காயத்தாலும், வேலைக் கொடுமையாலும் அது தேய்ந்து போகிறது. தேய்ந்தால் மறுபடி முளைப்பதில்லை. எண்ணெய் தேய்த்தாலும் முளைப்பதில்லை. எள் விளக்கு ஏற்றினாலும் முளைப்பதில்லை. வலி பொறுக்க முடியாமல் போகும்போது தேய்ந்த நுனிகளைச் சீவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உலோக மூடி வைப்பதைத்தான் மூட்டு மாற்றுச் சிகிச்சை என்கிறார்கள். மேலே கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகம், கீழே ஒரு உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவில் கடினமான பாலிதீன் துண்டு. எலும்போடு ஒட்ட வைக்க ஒருவகைச் சிமெண்டு.

இதை எந்த ரிஷியும் ஞானதிருஷ்டியால் கண்டுபிடிக்கவில்லை. 1890-இல் பெர்லின் நகரத்தில் குளூக் என்கிற வைத்தியர் யானைத் தந்தத்தால் கீல் செய்து முழங்காலில் வைத்துப் பார்த்தார். க்ஷயரோகத்தால் அழிந்த மூட்டுகள் அவை. சீழ் பிடித்துத் தோற்றுப்போயிற்று. தோற்றதை மறைக்கவில்லை. 1962-இல் இங்கிலாந்தில் சார்ன்லி என்பவர் இடுப்பு மூட்டுக்கு உலோகமும் பாலிதீனும் சேர்த்து வழி கண்டார். 1974-இல் நியூயார்க்கில் இன்சால், ராணாவத், வாக்கர் என்கிற மூவர் இன்றைக்கு எல்லாரும் வைக்கிற முழங்கால் மூட்டுக்கு மூலமான ஒன்றைச் செய்தார்கள். இந்த ராணாவத் என்பவர் இந்தியாவில் பிறந்து, இந்தூரில் வைத்தியம் படித்து, அமெரிக்கா போனவர்.

இவரைப் பற்றி இன்னொரு சங்கதி. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில், அப்போது இந்தியாவின் பிரதம மந்திரியாயிருந்த வாஜ்பாய் அவர்களுக்கு மும்பாயில் இடது முழங்காலை மாற்றினார்கள். 2001 ஜூனில் வலது முழங்காலையும் மாற்றினார்கள். செய்தவர் இதே ராணாவத்தான். வேத காலத்திலேயே எல்லா விஞ்ஞானமும் இருந்தது என்று மேடைதோறும் பேசுகிற கட்சியின் தலைவர் அவர். அவருக்கு முழங்கால் தேய்ந்தபோது யாகசாலைக்குக் கொண்டுபோகவில்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, சரியான காரியம் என்றே சொல்லுகிறேன். பிரதம மந்திரிக்குச் சரியான காரியம் பொறையாற்றுக் கூலிக்காரிக்கு மாத்திரம் ஏன் சரியில்லாமற் போகவேண்டும் என்பதுதான் என் கேள்வி.

இப்பொழுது அளவு விஷயம். மேல்நாட்டில் செய்த மூட்டுகளை மேல்நாட்டாருடைய எலும்பை அளந்து செய்தார்கள். அதில் குற்றமில்லை, கண்ணெதிரில் இருப்பவனைத்தானே அளக்க முடியும்? ஆனால் அந்தச் சாமான் கப்பல் ஏறி இங்கே வந்தபோது என்ன ஆயிற்று? 2000-ஆம் ஆண்டில் மும்பாய் வைத்தியர் வைத்யா என்பவரும், மேற்சொன்ன ராணாவத்தும், வேறு இருவரும் சேர்ந்து இந்தியர்களின் முழங்கால்களை ஸ்கேன் எடுத்து அளந்து பிரசுரித்தார்கள். ஆண்கள் பெரும்பாலோருக்கு அப்போது கிடைத்த சாமான் பொருந்திற்று. பெண்களிலோ, நூற்றுக்கு 60 பேருக்கு மேல் தொடையெலும்பு நுனியின் முன்பின் அளவு, கடையில் கிடைத்த மிகச் சிறிய மூட்டைவிடவும் சிறியதாயிருந்தது. அதாவது, தாய்மார்களே, இருந்தவற்றில் மிகச் சின்னதை எடுத்தாலும் உங்களில் பாதிப் பேருக்கு மேல் பெரிதாகத்தான் இருந்தது.

பெரிதாயிருந்தால் என்ன, உள்ளே இருப்பதுதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்கக் கூடாது. முன்பின்னாகப் பெரிதானால் சில்லு இறுகிக் கால் மடங்க மறுக்கிறது. பக்கவாட்டில் பெரிதானால் உலோகத்தின் ஓரம் எலும்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு, நரம்புபோல் ஓடுகிற தசைநார்களை ஒவ்வொரு அடிக்கும் உரசுகிறது. அதற்குப் பயந்து சின்னதாய்ப் போட்டால், தட்டு எலும்பின் கெட்டியான ஓரத்தில் உட்காராமல் நடுவிலுள்ள மெதுவான பாகத்தில் உட்கார்ந்து அமுங்கிப் போகலாம். ஆயத்தச் செருப்பு வாங்குகிறவர்களுக்கு இது தெரியும்: நீளம் சரியாயிருந்தால் அகலம் கடிக்கும், அகலம் சரியென்று எடுத்தால் குதிகால் வெளியே நிற்கும். செருப்பைக் கழற்றி எறியலாம். இதைக் கழற்ற முடியாது.

எவ்வளவு நீட்டினால் கெடுதல்? 2010-இல் அமெரிக்காவில் மகோனி, கின்சி என்ற இருவர் 437 முழங்கால்களை ஆராய்ந்து எழுதினார்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் உலோகம் நீட்டிக்கொண்டிருந்தால், இரண்டு வருஷத்துக்குப் பிறகும் வலி நிற்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கண்டார்கள். 3 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு? நம் வயலில் விளைகிற ஒரு நெல்லின் அகலம். ஒரு நெல் அகலத்தில் இருக்கிறது ஒரு கிழவி நடப்பதும் நடக்காததும்!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆராய்ச்சியில் அப்படி நீட்டிக்கொண்டிருந்தது ஆண்களில் நூற்றுக்கு 40, பெண்களில் நூற்றுக்கு 68. இவர்கள் அமெரிக்காக்காரர்கள்! மேல்நாட்டுச் சாமான் மேல்நாட்டுப் பெண்களுக்கே சரியாக இல்லை. ஏன்? ஆணை அளந்து செய்து, அதையே கொஞ்சம் சுருக்கிப் பெண்ணுக்கும் போட்டுவிட்டார்கள். ஆகவே இது வெள்ளைக்காரன் கறுப்பன் என்கிற விஷயம் மாத்திரமல்ல. யாரை அளந்தார்கள், யாரை அளக்காமல் விட்டார்கள் என்கிற விஷயம். மனுதர்மக்காரன் பெண்ணைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது மத சம்பந்தமான அக்கிரமம். விஞ்ஞானம் தெரிந்தவன் விட்டது அஜாக்கிரதை. வித்தியாசம் என்னவென்றால், இரண்டாமவன் அளந்து பார்த்துத் தப்பைக் கண்டதும் திருத்திக்கொள்கிறான். முதலாமவன் திருத்தினால் பாவம் என்கிறான்.

இந்தப் பக்கத்துக் கிராமத்து அம்மாள் ஒருவரை எனக்குத் தெரியும். நடவு நட்டே காலம் கழித்தவர். பிள்ளைகள் கடன் வாங்கி ஒரு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்றினார்கள். புண் ஆறிற்று, வலி போகவில்லை. அப்புறம் என்ன நடந்தது? மறுபடி பரிசோதனைக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக, ஏழரைச் சனி முடியவில்லை என்று ஒருவன் சொல்ல, பரிகாரத்துக்குக் கொண்டுபோனார்கள். அளவு பொருந்தவில்லையா, உள்ளே சீழா, கால் கோணலாய் உட்கார்ந்துவிட்டதா, வேறு காரணமா என்று எனக்குத் தெரியாது. பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனால் என்ன அளவு வைத்தீர்கள் என்று கேட்க வேண்டுமென்பதே அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சனி வந்து கேள்வியின் வாயை அடைத்துவிட்டான். மூடநம்பிக்கையால் பணம் போகிறது என்று மாத்திரம் நாம் சொல்லி வருகிறோம். பணம் போவது சின்ன நஷ்டம்; காரணம் தேடுகிற புத்தி போய்விடுகிறதே, அதுதான் பெரிய நஷ்டம்.

சரி, இப்போது சிலர் மனதில் ஒரு கேள்வி எழும்பியிருக்கும். “எலும்பிலேயே வித்தியாசம் உண்டென்று நீரே ஒப்புக்கொள்ளுகிறீரே, அப்படியானால் பிறவியிலேயே மனிதனுக்கு மனிதன் பேதம் உண்டென்று நம் பெரியோர்கள் சொன்னது சரிதானே?” என்று கேட்கக்கூடும். கேட்பார்கள், விடமாட்டார்கள். ஆகையால் நானே பதில் சொல்லிவிடுகிறேன்.

மனிதனை அளப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் ஆட்சியில் ரிஸ்லி என்ற அதிகாரி வடக்கே ஜனங்களின் மூக்கை அளந்தார். மூக்கு அகலமாக ஆக ஜாதி கீழே போகிறது, ஒடுங்க ஒடுங்க மேலே போகிறது என்று முடிவு கட்டினார். தெற்கே நம் சென்னையில் 1885 முதல் 1908 வரையில் மியூசியத்தின் தலைவராயிருந்த தர்ஸ்டன் என்பவர் ஊரூராய்ப் போய்த் தலையையும் மூக்கையும் அளந்து, 1909-இல் ஏழு பெரிய புத்தகங்கள் போட்டார். மூக்களவைக் கொண்டு மேல்ஜாதிக்காரர் தங்களை ஆரியர் என்று பெருமை பேசிக்கொண்டார்களே தவிர, அளக்கப்பட்டவனுக்கு ஒரு மூக்குத்தி அளவுகூட லாபம் கிடைக்கவில்லை. மூக்கடைப்புக்கு மருந்துகூடக் கொடுக்கவில்லை. (சிரிப்பு.)

இப்பொழுது முழங்காலை அளக்கிற டாக்டரும் அதே மாதிரிக் கருவியைத்தான் எடுக்கிறார். ஆனால் எதற்காக? உன்னை எந்தப் படியில் நிறுத்துவது என்று பார்க்க அல்ல. உனக்கு எந்தச் சாமான் பொருந்தும் என்று பார்க்க. முந்தின அளவு மனிதனைச் சட்டத்துக்குள் அடைக்கிற அளவு. இந்த அளவு சட்டத்தை மனிதனுக்கேற்ப வெட்டுகிற அளவு. அளவு ஒன்றே, நோக்கம் வேறு.

அளந்ததில் என்ன தெரிகிறது? இந்தியருக்குச் சராசரியில் சிறியது. ஜப்பானியர், கொரியர், சீனருக்கும் மேல்நாட்டாரைவிடச் சராசரியில் சிறியது. எங்கும் பெண்ணுக்கு ஆணைவிடச் சிறியது. ஆனால் சராசரி என்பது வேறு, ஆள் என்பது வேறு. ஒரே தெருவில், ஒரே ஜாதியில், ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தங்கைக்குள் இருக்கிற வித்தியாசம், இரண்டு தேசத்துச் சராசரிகளுக்குள் இருக்கிற வித்தியாசத்தைவிடப் பெரிதாயிருப்பது சர்வ சாதாரணம். குள்ளமான அமெரிக்கப் பெண்ணுக்கு நம்மூர் அளவு வேண்டியிருக்கும். ஆறடிக் காரைக்கால் ஆளுக்கு அமெரிக்க அளவு வேண்டியிருக்கும். பூக்கடையில் முழம் போடும்போது கடைக்காரம்மாளின் கை குட்டையா நெட்டையா என்று பார்க்கிறோமே தவிர, அவர் என்ன ஜாதி என்றா பார்க்கிறோம்? அறுத்துத் திறந்த முழங்காலைப் பார்த்து, இது முதலியார் முழங்கால், இது பறையர் முழங்கால், இது பார்ப்பனர் முழங்கால், இது மரைக்காயர் முழங்கால் என்று எந்த டாக்டராவது சொல்ல முடியுமா? ஆண்டவன் நெற்றியிலே எழுதியிருக்கிறான் என்கிறார்களே, ஒரு எலும்பிலாவது எழுதியிருக்கக் கூடாதா? சாமான் பெட்டியின் மேல் மில்லிமீட்டர்தான் அச்சடித்திருக்கிறது; கோத்திரம் அச்சடிக்கவில்லை.

அந்த மில்லிமீட்டரும் நமக்கு அந்நியமல்ல. இந்தக் காரைக்காலை 1739 முதல் 1954 வரையில் ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள், தங்கள் நாட்டில் ராஜாவைத் தள்ளிய புரட்சிக் காலத்தில், ஊருக்கொரு கோல், பிரபுவுக்கொரு படி என்றிருந்த அக்கிரமத்தை ஒழித்து எல்லாருக்கும் பொதுவாக ஏற்படுத்திய அளவு அது. ராஜாவின் தலையும் ராஜாவின் படியும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் போயின.

அளவு என்பது நீள அகலம் மட்டுமல்ல. நாம் எப்படி உட்காருகிறோம், எப்படி எழுந்திருக்கிறோம் என்பதும் அதில் அடங்கும். 1974-இல் செய்த அந்த மூட்டு சுமார் 90 பாகைதான் மடங்கிற்று. நாற்காலியில் உட்கார்ந்து, மேஜையில் சாப்பிட்டு, உயரக் கக்கூசுக்குப் போகிறவனுக்கு ஒருவாறு அது போதும். நாமோ தரையில் சம்மணம் கூட்டுகிறோம். குந்தி உட்கார்ந்து பாத்திரம் துலக்குகிறோம். நம் முஸ்லிம் தோழர்கள் நாளைக்கு ஐந்து முறை மண்டியிடுகிறார்கள். இதற்கெல்லாம் 130, 140 பாகை மடங்க வேண்டும். ஜப்பானியரும் பாயில் உட்காருகிற ஜனங்கள். அவர்கள் இறக்குமதிச் சாமான் வரட்டும் என்று காத்திருக்காமல், 1989-இலேயே கியோட்டோ வைத்தியர்கள் தங்கள் பழக்கத்துக்கேற்ற மூட்டு ஒன்றைத் தாங்களே செய்துகொண்டார்கள். நம் நாட்டிலும் பூனாவில் சஞ்சேத்தி என்ற டாக்டர் இந்தியர் எலும்புக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப “இண்டஸ்” என்ற பெயரில் ஒரு மூட்டைச் செய்தார்.

இதற்கெல்லாம் முந்தியது ஜெய்ப்பூர்க் கால். 1960-களின் கடைசியில், கால் வெட்டுண்டவர்களுக்கு மேல்நாட்டுச் செயற்கைப் பாதம் கொடுத்தார்கள். அது பூட்ஸுக்குள் நுழைப்பதற்காகச் செய்தது. வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? குந்த முடியாது, சம்மணம் போட முடியாது. மூலையில் போட்டுவிட்டுக் கட்டையை ஊன்றிக்கொண்டு போனான். ஜெய்ப்பூர் ஆஸ்பத்திரியில் ராம்சந்திர சர்மா என்று ஒரு கைத்தொழிலாளி. அதிகம் பள்ளிப் படிப்பில்லாதவர். அவரும் டாக்டர் சேத்தி என்பவரும் சேர்ந்து ரப்பரால் ஒரு பாதம் செய்தார்கள். டயருக்கு ரப்பர் ஒட்டும் கடையிலிருந்து அந்த யோசனை பிறந்தது என்று சொல்லுகிறார்கள். அது மடங்கும், திரும்பும், தண்ணீரில் ஊறாது. அதை மாட்டிக்கொண்டு மரமும் ஏறலாம். 1981-இல் இதற்காக மகசேசே பரிசு கொடுத்தார்கள். டாக்டர் சேத்திக்குக் கொடுத்தார்கள். தகுதியானவர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ரப்பரைப் பிசைந்த கையின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் நாட்டில் கையால் வேலை செய்கிறவன் பெயர் எப்போதும் பின்னால்தான் நிற்கும், புத்தி அந்தக் கையிலேயே இருந்தாலும்.

இனி, மத வியாபாரியிடம் ஜாக்கிரதையாயிருங்கள் என்று சொல்லிவிட்டு மற்ற வியாபாரியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியனாக மாட்டேன். “ஆசியருக்கென்றே”, “பெண்களுக்கென்றே” என்று பெட்டியில் எழுதினால் விலை ஏற்றலாம் என்பதைக் கம்பெனிக்காரன் கண்டுகொண்டான். 2006-இல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி பெண்களுக்கென்று தனி மூட்டு வெளியிட்டுப் பெரிய விளம்பரம் செய்தது. கொரியாவில் கிம் என்ற டாக்டரும் அவர் சகாக்களும் சாதாரண மூட்டையும் இதையும் பெண்களுக்கு வைத்து ஒப்பிட்டு 2010-இல் எழுதினார்கள்: வலியிலும், கால் மடங்குவதிலும் வித்தியாசம் காணோம். அதே கொரியாவில், அதிகம் மடங்கும் என்று விற்கப்பட்ட ஒருவகை மூட்டைப் பற்றி 2007-இல் வந்த அறிக்கை இன்னும் பயங்கரமானது. 72 மூட்டுகளில் 27 மூட்டுகள் மூன்று வருஷத்துக்குள்ளாகவே தளர்ந்து போயின. குந்தியும் மண்டியிட்டும் வந்தவர்களிடத்தில் அது அதிகம்.

ஆகவே தனி அளவு என்று சொன்ன மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். தாயத்துக்காரன் சொன்னாலும் கம்பெனிக்காரன் சொன்னாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எத்தனை பேருக்குச் செய்தாய், எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை? கோயிலில் பலித்தவன் போட்ட தகடு தொங்குகிறது. பலிக்காதவன் வீட்டில் படுத்திருக்கிறான், அவனுக்குக் கணக்கில்லை. சுவீடன் தேசத்தில் 1975 முதல் முழங்கால் மாற்றினவர்களையெல்லாம் ஒரு புத்தகத்தில் பதிந்து, எந்த மூட்டு எத்தனை வருஷம் நின்றது, எது கெட்டுத் திரும்ப அறுக்கப்பட்டது என்று எழுதி வருகிறார்கள். நம் நாட்டில் டாக்டர்களின் சங்கம் வைத்திருக்கும் பதிவு, இஷ்டப்பட்டவர்கள் எழுதிக் கொடுக்கிற பதிவுதான். ஓட்டுக்கு நம்மைப் பெயர் பெயராய் எண்ணத் தெரிந்த சர்க்காருக்கு, முழங்காலை எண்ண மாத்திரம் ஏன் கை வரக்கூடாது? எல்லா ஆஸ்பத்திரிகளையும் கட்டாயமாக எழுத வைத்து, நம் ஜனங்களின் எலும்பு அளவையும் கூடவே எழுத வைத்தால், நமக்கு எந்த அளவுகள் எவ்வளவு வேண்டும் என்பது பத்து வருஷத்தில் வெட்ட வெளிச்சமாகும்.

சர்க்கார் நினைத்தால் முடியாதென்பதில்லை. சாதாரணக் கோபால்ட் குரோமிய மூட்டு ஒன்று சராசரியாக ரூ. 1,58,324 என்று விற்று வந்தது. 2017 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் ரூ. 54,720-க்கு மேல் விற்கக்கூடாதென்று, வரி நீங்கலாக, உச்ச விலை கட்டிற்று. ஒரே உத்தரவில் மூன்றில் ஒரு பாகமாகிவிட்டது! அப்படியானால் முந்தின நாள் வரைக்கும் அந்த மற்ற இரண்டு பாகம் எந்த முழங்காலுக்குள் போயிற்று? விலைக்கு உத்தரவு போட்டதுபோல் அளவுக்கும் போடலாம். சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு டெண்டரில் வாங்கும்போது மலிவை மாத்திரம் பார்க்காமல், சிறிய அளவுகளும் ஒடுக்கமான வகைகளும் எத்தனை உண்டென்று பார்த்து வாங்க வேண்டும். இப்போது 2 மில்லிமீட்டருக்கு ஒரு படியாகவும், ஒவ்வொரு படியிலும் அகலம், ஒடுக்கம் என்று இரண்டு வகையாகவும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவை பணக்காரன் போகிற இடத்தில் இருந்து, கூலிக்காரன் போகிற இடத்தில் இல்லாமற் போனால், முழங்காலுக்கு ஜாதி கிடையாது என்று நான் இவ்வளவு நேரம் பேசியது வீண். நாமே அதற்கு ஜாதி உண்டாக்கிவிட்டவர்களாவோம்.

உங்களில் யாருக்காவது, உங்கள் தாய்க்காவது இந்தச் சிகிச்சை செய்ய வேண்டிவந்தால் வெட்கப்படாமல் டாக்டரைக் கேளுங்கள். எக்ஸ்ரேயில் அளவு பார்த்தீர்களா? இந்த வகையில் மிகச் சிறிய அளவு என்ன, அது இங்கே தயாராக இருக்கிறதா? அறுத்த பிறகு மாதிரி மூட்டை வைத்துப் பார்த்து, ஓரம் நீட்டினால் மாற்றிவைக்க வேறு அளவு பக்கத்தில் இருக்குமா? வைத்த மூட்டின் பெயரும் நம்பரும் அளவும் எழுதிய சீட்டை எங்களிடம் கொடுப்பீர்களா? நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார், சந்தோஷப்படுவார்.

இவ்வளவில் என் பேச்சை நிறுத்திக்கொள்ளுகிறேன். ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: “எனக்கு 45 வயது. முழங்கால் வலிக்கிறது. இப்போதே மாற்றிக்கொள்ளலாமா?” என்று கேட்கிறார். தோழரே, அவசரப்பட வேண்டாம். ஆஸ்திரேலியா, பின்லாந்து தேசங்களின் பதிவுகளைக் கொண்டு 2019-இல் கணக்கிட்டதில், மாற்றிய மூட்டுகளில் நூற்றுக்கு 82 மூட்டுகள் 25 வருஷம் நிற்கின்றன என்று தெரிகிறது. சின்ன வயதில் மாற்றினவர்களுக்கு இரண்டாவது முறை அறுக்க வேண்டிய அவசியம் அதிகம். இரண்டாவது முறை செலவும் அதிகம், கஷ்டமும் அதிகம். முதலில் உடல் எடையைக் குறையுங்கள், தொடைத் தசைக்குப் பயிற்சி செய்யுங்கள், எலும்பு டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். தேய்மானந்தானா என்பதே அதற்குப் பிறகுதான் தெரியும். வருகிற சனிக்கிழமை திருநள்ளாற்றுக்குப் போவதாக உத்தேசம் வைத்திருந்தால், அந்தப் பஸ் காசை ஆஸ்பத்திரிக்குப் போக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சீட்டு இருந்தால் கொடுங்கள்.